ராஜாளி ப்ளேன் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்: பழைய கடல் ரோந்து விமானம் போய் புதுசு வர்றது எப்படி?

அரக்கோணம், சோளிங்கர், ராணிப்பேட்டை, காட்பாடின்னு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்து நேவி ப்ளேன் தலைக்கு மேல போறது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா அது என்ன ப்ளேன், எங்க போகுது, பழசு ஏன் போச்சு, இத நாமளே செய்யக்கூடாதான்னு சொந்தக்காரங்கள்ல இருந்து பாகாயம் காலேஜ் பசங்க வரைக்கும் மாத்தி மாத்தி கேக்கறாங்க. அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். எல்லாம் வெளிய வந்த தகவல் தான், ரகசியம்னு எங்கிட்ட எதுவும் கிடையாது.

கடலே இல்லாத அரக்கோணத்துல நேவிக்கு இன்னா வேலை?

நேர்கோட்டுல பாத்தா வங்காள விரிகுடா இங்கிருந்து ஒரு 70 கிலோமீட்டர் தான். நமக்கு பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், மணிக்கு 800 கிலோமீட்டர் போற விமானத்துக்கு அஞ்சாறு நிமிஷம். இந்த விமானங்க வேலை செய்யறதே கரையில இருந்து ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, அப்புறம் 70 கிலோமீட்டர் எல்லாம் ஒரு கணக்கா.

அதுக்கு முக்கியமா வேண்டியது நீளமான ரன்வே. ஐஎன்எஸ் ராஜாளியோட ரன்வே 4 கிலோமீட்டருக்கும் மேல. 1992 மார்ச் 11-ல அப்போதைய ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் தளத்த தொடங்கி வெச்சப்ப இங்க குடி வந்தது டியூ-142, முழு லோடு ஏத்தினா 180 டன்னுக்கு மேல போற ரஷ்ய விமானம். அதோட நம்ம ஊரு வெயிலையும் சேத்துக்கோங்க. காத்து சூடானா அடர்த்தி குறையும், இறக்கைக்கு தூக்கற சக்தி குறையும், இன்ஜினும் மந்தமாகும், அதனால கத்திரி வெயில்ல அதே எடைய தூக்கிட்டு கிளம்ப ரொம்ப தூரம் ஓடணும். இரண்டாம் உலகப் போர் காலத்துலயே ஓடுதளம் இருந்த இடம்ங்கறதும் ஒரு சௌகரியம். 2015 டிசம்பர் வெள்ளத்துல மீனம்பாக்கம் மூழ்கினப்ப பயணிகள் விமானங்கள இங்கிருந்து தான் ஓட்டினாங்க, அப்ப தான் நிறைய பேருக்கு அரக்கோணத்துல இவ்ளோ பெரிய ரன்வே இருக்கறதே தெரிஞ்சுது.

கடல் ரோந்து விமானம்னா போலீஸ் ஜீப் மாதிரி சும்மா சுத்தி வர்றதா?

சுத்தறது பாதி வேலை தான். மேல இருந்து ரேடார்ல கப்பலுங்கள எண்ணணும், ஒவ்வொரு கப்பலும் ரேடியோவுல நான் இன்னார்னு சொல்ற தகவலோட ஒத்துப் பாக்கணும், சிக்னல அணைச்சுட்டு திருட்டுத்தனமா போறவன் யாருன்னு பிரிக்கணும். கடல்ல தொலைஞ்சவங்கள தேடறதும் இதுங்க தான். 2018 செப்டம்பர்ல தனியா உலகம் சுத்தற பந்தயத்துக்கு போன நேவி அதிகாரி அபிலாஷ் டோமியோட பாய்மரப் படகு தெற்கு இந்தியப் பெருங்கடல்ல உடைஞ்சு கிடந்தப்ப மொரீஷியஸ்ல இருந்து போன நம்ம பி-8ஐ (இப்ப ராஜாளியில இருக்கற போயிங் ரோந்து விமானம், அமெரிக்க பி-8-ஓட இந்திய வடிவம்) தான் பாய்மரம் முறிஞ்ச படக கண்டுபிடிச்சுது. 2014-ல மலேசிய பயணிகள் விமானம் எம்எச்370 காணாம போனப்பவும் தேடப் போச்சு.

ஆனா இந்த விமானம் இருக்கறதுக்கு உண்மையான காரணம் நீர்மூழ்கிக் கப்பல். 1971 டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கத்துல நம்ம போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரிய பாகிஸ்தானோட ஹாங்கோர் நீர்மூழ்கி அடிச்சு மூழ்கடிச்சுது. கண்ணுக்கு தெரியாத ஒரே ஒரு நீர்மூழ்கி ஒரு கடல் பகுதியவே கலங்கடிச்சுடும், அத தேட கப்பல மட்டும் நம்ப முடியாது, ஏன்னா கப்பல் சத்தத்த நீர்மூழ்கி முதல்லயே கேட்டுடும்.

தண்ணிக்குள்ள இருக்கறத வானத்துல இருந்து எப்படிங்க கண்டுபிடிக்கறாங்க?

இந்த கேள்வி தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, கொஞ்சம் நீளமா தான் சொல்லுவேன்.

ரேடார் அலை கடல் தண்ணிக்குள்ள போகாது, கேமரா சில மீட்டருக்கு மேல பாக்காது. தண்ணிக்குள்ள தூரமா போறது சத்தம் மட்டும் தான், நொடிக்கு சுமார் 1500 மீட்டர் வேகத்துல. அதனால விமானத்துல இருந்து சோனோபாய்னு (சுருக்கமா பாய்) ஒரு மிதவைய போடுவாங்க, ஒரு மீட்டருக்கு கொஞ்சம் குறைவான நீளத்துல ஒரு குழாய். குட்டி பாராசூட்ல இறங்கி தண்ணில விழுந்ததும் உப்புத் தண்ணி பட்டு பேட்டரி உயிர் வரும், மேல மிதக்கற பாகத்துல ஆன்டெனா, கீழ கேபிள்ல நீர் மைக் தொங்கும், எவ்ளோ ஆழத்துல தொங்கணும்னு போடறதுக்கு முன்னாடியே செட் பண்ணிடலாம். அது கேக்கறத ரேடியோவுல மேல அனுப்பிட்டே இருக்கும். சில மணி நேரத்துல ஆயுள் முடிஞ்சதும் தானே மூழ்கிடும், திரும்ப எடுக்க முடியாது. ஒரு பி-8ல நூத்துக்கும் மேல பாய் வெச்சிருப்பாங்க, கடல்ல வரிசையா, வட்டமா, வேலி போட்ட மாதிரி போட்டுட்டே போவாங்க. சும்மா கேக்கற பாயும் உண்டு, தானே சத்தம் போட்டு எதிரொலி கேக்கற பாயும் உண்டு.

கஷ்டம் என்னன்னா அங்க கேக்கற சத்தம் ஒண்ணு ரெண்டு இல்ல, அலை, மழை, எறால், திமிங்கலம், சரக்குக் கப்பல், மீன்பிடி போட்டுன்னு எல்லாம் சேந்து வரும். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில ஓபி கூட்டத்துக்கு நடுவுல நின்னுட்டு ஸ்டெத்தாஸ்கோப்ல ஒருத்தரோட இதயத்துல ஒரு சின்ன முணுமுணுப்ப பிடிக்கற டாக்டர் வேலை தான் இது. அதுலயும் வங்காள விரிகுடா ஒரு தனி தலைவலி, கங்கையும் ஐராவதியும் கொண்டு வந்து கொட்டற நல்ல தண்ணி வடக்குப் பக்கம் மேல ஒரு அடுக்கா நிக்கும், கீழ உப்பு அதிகமான தண்ணி, வெப்பநிலையும் அடுக்கடுக்கா மாறும், சத்தம் நேரா போகாம வளைஞ்சு போகும். அந்த அடுக்குக்கு கீழ நீர்மூழ்கி பதுங்கினா மேல இருக்கற மைக்குக்கு கேக்காமலே போயிடலாம். அதுக்கு தான் தண்ணியோட வெப்பநிலைய ஆழம் ஆழமா அளக்கறதுக்குன்னே தனி பாய் இருக்கு, அத முதல்ல போட்டுட்டு தான் மத்தத எந்த ஆழத்துல தொங்கவிடணும்னு முடிவு பண்ணுவாங்க.

கடைசியா காந்தக் கருவி. அவ்ளோ பெரிய இரும்பு ஒரு இடத்துல இருந்தா பூமியோட காந்தப்புலம் லேசா மாறும், வால் பக்கம் கொம்பு மாதிரி நீட்டிட்டு இருக்கற கருவி அத உணரும். கிட்ட போனா தான் வேலை செய்யும், அதனால தாழப் பறக்கணும். அமெரிக்கா தன்னோட பி-8ல இத வேண்டாம்னு விட்டுடுச்சு, இந்தியா எங்களுக்கு வேணும்னு கேட்டு வாங்கிச்சு. பின்பக்கம் பாக்கற இன்னொரு ரேடாரும் நாம கேட்டு வாங்கினது தான்.

பழைய பெரிய ப்ரொப்பெல்லர் ப்ளேன் இன்னா ஆச்சு? அந்த சத்தமே இப்ப காணோமே?

அது தான் டியூ-142. நாலு இன்ஜின், ஒவ்வொரு இன்ஜின்லயும் எதிர் எதிரா சுத்தற ரெண்டு ப்ரொப்பெல்லர், அதனால தான் அந்த அதிர்ச்சியான சத்தம். அதுக்கு முன்னாடி இந்த வேலைய பாத்தது சூப்பர் கான்ஸ்டலேஷன்னு ஒரு பழைய பயணிகள் விமானம், 1976-ல விமானப்படை கிட்ட இருந்து நேவிக்கு வந்துச்சு. 1988-ல மொத்தம் எட்டு டியூ-142 வந்துச்சு, முதல்ல கோவா, 1992-ல இருந்து அரக்கோணம். நிக்காம 12,000 கிலோமீட்டர் போகும், இன்னிக்கு இருக்கற பி-8ஐ-யே அந்த தூரம் போகாது. ஆனா 1991-ல சோவியத் உடைஞ்சதுக்கு அப்புறம் ஸ்பேர் பார்ட் வாங்கறது பெரும்பாடா போச்சு, உள்ள இருந்த எலெக்ட்ரானிக்ஸும் காலாவதி ஆகிடுச்சு. 2017 மார்ச் 29-ல ராஜாளியிலயே விடை கொடுத்தாங்க. ஒண்ண பாக்கணும்னா விசாகப்பட்டினம் பீச் ரோட்டுல மியூசியமா வெச்சிருக்காங்க, உள்ள ஏறியே பாக்கலாம். அரக்கோணத்துக்கு ஒண்ணு வெச்சிருக்கலாம்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கோவாவுல இருந்த இன்னொரு ரஷ்ய ரோந்து விமானம் ஐஎல்-38-ங்களும் 1977-ல வந்து 2023 அக்டோபர்ல ஓய்வுக்கு போயிடுச்சு.

ப்ளேனுக்கு வயசாகறதுன்னா என்ன? பெயிண்ட் அடிச்சு ஓட்ட வேண்டியது தானே?

பயணிகள் விமானம் மேகத்துக்கு மேல அலுங்காம போகும். ரோந்து விமானம் கடலுக்கு சில நூறு அடி மேல, குலுங்கற காத்துல, மணிக்கணக்கா திரும்பித் திரும்பி வட்டம் போடும், கூடவே உப்புத் தூறல். ஒவ்வொரு குலுக்கலும் இறக்கைய மடக்கி நிமித்தற மாதிரி, உலோகத்துல கண்ணுக்கு தெரியாத விரிசல் விழும், உப்பு அத அரிக்கும். 2007 டிசம்பர்ல அமெரிக்க நேவி தன்னோட பி-3 ஓரியன் ரோந்து விமானங்கள்ல 39 விமானத்த ஒரே அடியா பறக்கக்கூடாதுன்னு நிறுத்திச்சு, காரணம் இறக்கையில உலோகச் சோர்வு. பிரிட்டனோட பழைய ரோந்து விமானம் நிம்ராட் ஒண்ணு 2006 செப்டம்பர்ல ஆப்கானிஸ்தான் மேல எரிபொருள் கசிஞ்சு தீப்பிடிச்சு 14 பேர் செத்தாங்க. பெயிண்ட்ல தீர்ற விஷயம் இல்லங்க.

சரி, பழைய பாடிய வெச்சுகிட்டு உள்ள எல்லாத்தையும் புதுசா மாத்தினா செலவு மிச்சம் தானே?

பிரிட்டன் இதே தான் நெனச்சுது. 1996-ல 21 நிம்ராட்ட எடுத்து உடம்பு மட்டும் பழசு, இறக்கை புதுசு, இன்ஜின் புதுசு, கருவியெல்லாம் புதுசுன்னு ஒரு திட்டம் போட்டாங்க. 1960-கள்ல அந்த உடம்புங்கள கையால செஞ்சிருந்தாங்க, பாக்க ஒரே மாதிரி, அளந்தா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம். கம்ப்யூட்டர் துல்லியத்துல செஞ்ச புது இறக்கைய கொண்டு வந்து மாட்டினா பொருந்தல. ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியா தீர்வு தேடினாங்க, வருஷம் ஓடுச்சு, செலவு ஏற ஏற எண்ணிக்கைய குறைச்சுகிட்டே வந்து கடைசில ஒன்பதுல நின்னுச்சு. 3 பில்லியன் பவுண்டுக்கு மேல போன பிறகு 2010 அக்டோபர்ல திட்டத்தையே ரத்து பண்ணாங்க, செஞ்ச விமானத்த வெட்டி பழைய இரும்புக்கு போட்டாங்க. சுத்தி கடல் இருக்கற தீவு நாடு, பத்து வருஷம் ஒரு ரோந்து விமானம் இல்லாம கிடந்துச்சு, நடுவுல ஸ்காட்லாந்து பக்கம் நீர்மூழ்கி சந்தேகம் வந்தப்ப நேச நாட்டு விமானங்கள உதவிக்கு கூப்பிட வேண்டியதா போச்சு. கடைசில 2015-ல முடிவு பண்ணி ஒன்பது பி-8 வாங்கினாங்க, முதல் விமானம் 2020-ல வந்துச்சு. அந்த எண்ணிக்கைய பாருங்க, அதே ஒன்பது.

அப்ப புதுசா செஞ்சவங்க எப்படி செஞ்சாங்க?

ரெண்டு வழி. ஒண்ணு அமெரிக்கா வழி, பயணிகள் விமானத்த எடுத்து மாத்தறது. பி-3-யும் அப்படி பொறந்தது தான், எலெக்ட்ராங்கற பயணிகள் விமானத்துல இருந்து. அதுக்கு மாத்தா 1980-கள் கடைசில பி-7-னு ஒண்ணு ஆரம்பிச்சு 1990-ல ரத்து ஆச்சு. அப்புறம் 2004 ஜூன்ல போயிங்க தேர்ந்தெடுத்தாங்க. 737-800 உடம்பு, 737-900 இறக்கை, அடிப்பக்கம் ஆயுத அறை, உடம்ப கெட்டியாக்கினாங்க. சென்னையில இருந்து 737ல போயிருந்தீங்கன்னா அந்த உடம்பு குடும்பத்துக்குள்ள உக்காந்துட்டு வந்திருக்கீங்க, ஜன்னல் மட்டும் இதுல அதிகம் கிடையாது. உலகம் பூரா அந்த விமானத்துக்கு பார்ட்ஸும் மெக்கானிக்கும் கிடைக்கறதால பராமரிப்பு சுலபம்.

ரெண்டாவது ஜப்பான் வழி. கவாசாகி பி-1, முழுக்க முழுக்க இந்த வேலைக்குன்னே வரைஞ்ச விமானம், 2007-ல முதல் பறப்பு, 2013-ல சேவை. நாலு ஜெட் இன்ஜின், தாழப் பறக்கறதுக்கு ஏத்த இறக்கை, விமானி கட்டளைய மின்சாரக் கம்பிக்கு பதிலா ஒளியிழைல அனுப்பற அமைப்பு. செலவ குறைக்க சி-2-ன்னு சரக்கு விமானத்தையும் கூடவே வடிவமைச்சு பாகங்கள பகிர்ந்துகிட்டாங்க. அருமையான மெஷின், ஆனா இதுவரைக்கும் வெளிநாட்டுக்கு ஒண்ணு கூட விக்கல, அந்த செலவு பூரா ஜப்பான் தலையில தான்.

இங்க ஒண்ண கவனிங்க. அமெரிக்காவுக்கு ரெடிமேடா உடம்பு இருந்துச்சு, அப்படியும் 2004-ல தேர்ந்தெடுத்தது 2013 கடைசில தான் வேலைக்கு வந்துச்சு. வந்த பிறகும் பரந்த கடல்ல நீர்மூழ்கி தேடற வேலைக்கு இது இன்னும் போதாதுன்னு பென்டகனோட சோதனை அலுவலகமே எழுதிச்சு. அப்புறம் சாஃப்ட்வேர தவணை தவணையா தான் சரி பண்ணாங்க. உடம்பு பறக்கறது ஒரு பிரச்சனையே இல்ல, ரேடார், பாய், காந்தம், கேமரான்னு அஞ்சாறு இடத்துல இருந்து வர்ற தகவல ஒரே ஸ்கிரீன்ல ஒரே புள்ளியா சேக்கறது தான் வருஷக்கணக்க தின்னுச்சு.

நம்ம பி-8ஐ எப்ப வந்துச்சு, எத்தனை இருக்கு?

2009 ஜனவரில எட்டுக்கு ஒப்பந்தம், சுமார் 2.1 பில்லியன் டாலர். முதல் விமானம் 2013 மே மாசம் அரக்கோணத்துல இறங்குச்சு, 2015 நவம்பர்ல பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் ராஜாளிக்கு வந்து முறைப்படி சேத்தார். 2016-ல இன்னும் நாலுக்கு ஆர்டர், அதுங்க கோவாவுல. மொத்தம் 12. ஆறு கூடுதலா வாங்கற பேச்சு பல வருஷமா இழுத்துகிட்டே வந்துச்சு. கடலுக்குன்னு வாங்கினத லடாக் எல்லையில மலைய நோட்டம் விடவும் அனுப்பினாங்க, அந்த கேமராவும் ரேடாரும் தரையையும் நல்லாவே பாக்கும்.

நாலு இன்ஜின் போய் ரெண்டு இன்ஜின் வந்துச்சே, நடுக்கடல்ல ஒண்ணு நின்னா?

ஒரே இன்ஜின்ல பறந்து கரை வந்து சேரும், பயணிகள் விமானமே அப்படித்தான் சமுத்திரம் தாண்டுது.

ட்ரோன் இருக்கே, இனிமே ஆள் போற விமானம் எதுக்கு?

ட்ரோனும் ராஜாளியில இருக்கு. 2020 கடைசில ரெண்டு சீ கார்டியன வாடகைக்கு எடுத்து இங்கிருந்து தான் பறக்க விட்டாங்க, அதுல ஒண்ணு 2024 செப்டம்பர்ல கோளாறாகி வங்காள விரிகுடாவுல இறக்கவேண்டியதா போச்சு. அடுத்த மாசமே 31 வாங்க ஒப்பந்தம் போட்டாங்க, அதுல 15 நேவிக்கு. முழு நாளும் தாண்டி மேலயே நிக்கும், அதுல அத மிஞ்ச முடியாது. கப்பல எண்ணறது, வீடியோ அனுப்பறது எல்லாம் அதுக்கு விட்டுடலாம். ஆனா நூறு பாய், தண்ணிக்குள்ள பாய்ஞ்சு நீர்மூழ்கிய அடிக்கற டார்பிடோ, கப்பல அடிக்கற ஏவுகணை எல்லாத்தையும் தூக்கிட்டு, இப்ப இந்த சத்தம் திமிங்கலமா இல்ல வேற எதுவுமான்னு அங்கயே உக்காந்து முடிவெடுக்கற வேலைக்கு இன்னும் ஆள் வேணும். ரெண்டும் சேந்து போறது தான் இனிமே நடக்கும்னு எனக்கு தோணுது.

நாமளே ஒண்ணு செய்ய முடியாதா?

முடியும், ஆனா எத செய்யணுங்கறதுல தான் நம்ம ஆளுங்க தப்பான பக்கம் பாக்கறாங்க. முழு விமானத்தையும் பூஜ்யத்துல இருந்து வரையணும்னு பேசறாங்க. ஜப்பான் அளவு பணமும் தொழிற்சாலையும் இருந்தே அது விக்கல. கனடாவுல பாம்பார்டியர் உள்ளூர் ஜெட்ட வெச்சு நாங்க செய்யறோம்னு எவ்ளோ கேட்டும் அரசாங்கம் 2023 நவம்பர்ல பி-8க்கே போயிடுச்சு.

நம்ம கைல ஏற்கனவே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு. நேத்ரான்னு வானத்துல இருந்து விமானங்கள கண்காணிக்கற விமானம், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்டிஓவோட பெங்களூரு கேப்ஸ் லேப் செஞ்சது. உடம்பு பிரேசிலோட எம்ப்ரேயர், ரேடாரும் உள்ள இருக்கற அமைப்பும் நம்மளது, 2017-ல விமானப்படைக்கு போச்சு. கடலுக்கும் இதே பாதை தான் சரி. 2024 பிப்ரவரில சி-295-ஐ அடிப்படையா வெச்ச 15 ரோந்து விமானத்துக்கு, நேவிக்கு ஒன்பது, கோஸ்ட் கார்டுக்கு ஆறு, பாதுகாப்பு அமைச்சகத்தோட கவுன்சில் முதல் ஒப்புதல் கொடுத்துச்சு. சி-295 வதோதராவுல டாடா அசெம்பிள் பண்ற விமானம், உள்ள மாட்டறத நம்ம லேபுங்க பாத்துக்கலாம். பி-8ஐ-க்கு மாத்து இல்ல இது, வேகமும் கம்மி தூரமும் கம்மி, ஆனா கிட்ட இருக்கற கடலுக்கு பெரிய விமானத்த அனுப்ப வேண்டிய அவசியம் இருக்காது.

எனக்கு உறுத்தறது வேற. 2024 ஆகஸ்ட்ல இந்தியாவுக்கு சோனோபாய் விக்க அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு, மதிப்பு 52.8 மில்லியன் டாலர். யோசிச்சு பாருங்க, தூக்கி கடல்ல போட்டா திரும்ப வராத சாமான், பயிற்சிக்கே கட்டு கட்டா செலவாகும், அதுக்கு வெளிய கை நீட்டறோம். விமானம் ஒரு தடவை வாங்கினா முப்பது வருஷம் ஓடும், பாய் தீந்து போச்சுன்னா அவ்ளோ விலை கொடுத்து வாங்கின விமானம் நீர்மூழ்கி தேடறதுல செவிடு. டிஆர்டிஓ லேபுங்கள்ல கொச்சி என்பிஓஎல் சோனார் (சத்தத்த வெச்சு தண்ணிக்குள்ள தேடற கருவி) செய்யுது, விசாகப்பட்டினம் என்எஸ்டிஎல் டார்பிடோ செய்யுது, நம்ம கடலோட உப்பு, சூடு, அடுக்கு பத்தின தரவு வெளிநாட்டுக்காரன் கிட்ட இருக்கறத விட நம்ம கிட்ட தான் இருக்கணும். பாய், அத கேக்கற சாஃப்ட்வேர், டார்பிடோ, இந்த மூணும் நம்மளதா ஆயிட்டா பாடி எந்த கம்பெனியோடதா இருந்தா என்ன, நாளைக்கு அந்த கம்பெனி நிறுத்தினா வேற பாடில மாத்திக்கலாம். பயணிகளுக்கான பழைய தலைமுறை 737 செய்யறது 2020 வாக்குல நின்னுடுச்சுங்கறதையும் மறந்துடாதீங்க.

வேலூர் அப்துல்லாபுரம் ஏர்போர்ட் திறந்தா அங்க இறங்குமா?

இறங்காது. அந்த ரன்வே குட்டி விமானத்துக்கு.

வேலூர்ல இன்ஜினியரிங் படிக்கறேன், எனக்கு இதுல வழி இருக்கா அண்ணா?

இருக்கு தம்பி, பைலட் மட்டும் தான் வழின்னு நெனக்காத. இந்த விமானத்துல பின்னாடி ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து வேட்டைய நடத்தறவங்கள அப்சர்வர்னு சொல்வாங்க, இப்ப நேவல் ஏர் ஆபரேஷன்ஸ் ஆபீசர்னு பேர். பிஇ பிடெக் முடிச்சவங்களுக்கு ஷார்ட் சர்வீஸ் கமிஷன்ல எடுக்கறாங்க, எஸ்எஸ்பின்னு அதிகாரி தேர்வு வாரியத்தோட இன்டர்வியூ, மெடிக்கல், அப்புறம் கேரளாவுல எழிமலை அகாடமி. பொண்ணுங்களும் போகலாம், 2009-லயே முதல் பெண் அப்சர்வர்கள் வந்துட்டாங்க. யூனிஃபார்ம் வேண்டாம்னா சிக்னல் ப்ராசஸிங், நீருக்குள்ள ஒலி பத்தின பாடம், எம்பெடட் சிஸ்டம் இதுல ஏதாவது ஒண்ணுல ஆழமா இறங்கு, டிஆர்டிஓ லேபும் பாதுகாப்பு எலெக்ட்ரானிக்ஸ் செய்யற பிஇஎல்லும் ஆள் எடுக்கறப்ப அது தான் கேப்பாங்க. ஈசிஇ படிக்கறேன்னா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மறுபடியும் லைன் ஃபாலோவர் ரோபோ செய்யாம, ஒரு நீர் மைக்க வாங்கி பாலாறு செக்டேம்ல தண்ணி இருக்கற நாள்ல தொங்கவிட்டு, மோட்டார் சத்தத்தையும் தவளைச் சத்தத்தையும் பிரிச்சுக் காட்டற மாதிரி ஒண்ணு செய்.